முன்னறை பிள்ளைகளுக்குப் போன கதை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவியும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர. அது இருபது வருஷமாக என்னோடு சண்டை போடுகிற பழைய கூட்டாளி, அதைக் குறையில் சேர்க்க வேண்டாம். அத்தனை தண்ணீருக்கு நடுவே நீயும் உன் கப்பலும் திடமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். உங்கள் கம்பெனி ஆபீசில் இருக்கிற அம்மா, அடுத்த துறைமுகத்தில் இது உன் கைக்கு வந்து சேரும் என்று உறுதியாகச் சொன்னார். போன் இருக்கும்போது கிழவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நீ பேசுவது பாதி எனக்கு வருகிறது, மீதியைக் கடல் தின்றுவிடுகிறது. வந்த பாதியையும் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அதோடு நான் சொல்ல வந்தது உன் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லக்கூடியதும் இல்லை. இரண்டு வாரமாக நீ கூப்பிடுகிறாய், பிள்ளைகளோடு கொஞ்சுகிறாய், என் முழங்காலைக்கூட விசாரிக்கிறாய், அவளிடம் மட்டும் "சரி", "ம்", "பாப்போம்" என்று மூன்று சொல்லில் கடையைச் சாத்திவிடுகிறாய். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் கோபம் அந்த முன்னறையால் வந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த அறை எப்படிக் கை மாறியது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வேலை நேரத்தில் பிரித்துவிடாதே, படுக்கையில் சாய்ந்துகொண்டு படி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ கட்டம் போட்ட தாளில் வரைந்து அனுப்பினாயே புது வீட்டின் படம், அதைப் பார்த்ததும் எனக்கு மார் நிமிர்ந்துவிட்டது. ஒரு அளவு தப்பவில்லை. நாற்பது வருஷம் வீடு கட்டின மேஸ்திரியின் மகன் இல்லையா. வாசலுக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல் வைத்த முன்னறை உனக்கு அலுவலறை, ஹாலுக்கு எதிர்ப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் படுக்கையறை, பின்னால் நடையை ஒட்டிப் பெரியவளுக்கு ஒன்று, நடை முடிகிற இடத்தில் பொடியனுக்கு ஒன்று, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. எல்லாம் சரி என்று நான்தான் முதலில் தலையாட்டினேன். உன் அக்கா வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, நீங்கள் குடிபோவதற்கு முன் பத்து நாள் அந்த வீட்டில் ஆட்களை வைத்து வேலை பார்த்ததும் நான்தான். கதவு எல்லாவற்றிலும் கீழேயும் ஒரு தாழ்ப்பாள் இருந்தால் உறுதி என்று சொல்லிப் போட்டதும் நான்தான். அதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

வீடு மாறுகிற நாளன்றே உன் மனைவி எனக்குப் பாடம் தொடங்கிவிட்டாள், நான்தான் கவனிக்கவில்லை. லாரி வந்து நின்றதும் சாமான் ஏற்றுகிறவர்களின் தலைவர், அவர் என்னைப் போலவே வெற்றுடம்பும் தோளில் துண்டுமாக அதிகாரம் பண்ணுகிறவர், பெரிய சாமானை முதலில் ஏற்றுகிறேன் என்றார். இவள் குறுக்கே நின்று, "அண்ணே, சிவப்புத் தாள் ஒட்டின பெட்டி எல்லாம் கடைசியா ஏத்துங்க, அதுதான் அங்க முதல்ல இறங்கணும்" என்றாள். சிவப்புத் தாள் ஒட்டினது எல்லாம் பிள்ளைகள் சாமான். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் எந்த மருந்து கைக்கு எட்டுகிற தூரத்தில், எது எட்டாத உயரத்தில் என்று பத்து வருஷமாகப் பழகின கை இல்லையா அது. புது வீட்டில் அடுப்பு வைக்கவில்லை, நாற்காலி பிரிக்கவில்லை, எனக்கு ஒரு வாய் டீக்கு வழியில்லை, பிள்ளைகள் கட்டில் இரண்டும் போட்டு விரிப்பு விரித்தாயிற்று. அந்த விரிப்பைப் பார்த்துவிட்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், புது வீட்டுக்கு வந்து துவைக்காத பழைய துணியையா விரிப்பது என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீடு புதுசா இருக்கில்ல மாமா, அது போதும். அவங்களுக்கு மத்ததெல்லாம் பழசாவே இருக்கட்டும். தலையணையில பழைய வீட்டு வாசனை இருந்தா இங்கயும் தூங்குவாங்க" என்றாள். நான் கட்டின வீடுகளுக்குச் சுண்ணாம்பு வாசனை, வார்னிஷ் வாசனை எல்லாம் எனக்குத் தெரியும், தலையணை வாசனை எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் வாரம் உன் படத்தில் இருந்தபடியேதான் இருந்தோம். அவளும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, நீ ஆசையாக வரைந்தது என்பதற்காக. பெரியவள், அதுதான் நம் வீட்டு நீதிபதி, தனக்குத் தனி அறை கிடைத்ததில் தலைகால் புரியாமல் இருந்தாள். கதவில் ஒரு தாளை ஒட்டி, "தட்டிவிட்டு வரவும், தம்பி தட்டினாலும் வரக்கூடாது" என்று எழுதினாள். பொடியன்தான் சரியாக இல்லை. முன்பெல்லாம் படுக்கப் போகும்போது காது மெஷினைத் தானே கழற்றி அம்மா கையில் கொடுப்பான் இல்லையா, இங்கே வந்ததிலிருந்து தொடவிடவில்லை. தூங்கின பிறகுதான் அவள் மெல்லக் கழற்றுவாள். பகலில் தன் அறையில் ஐந்து நிமிஷம் இருக்க மாட்டான், பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் உட்கார்ந்துகொள்வான், நடக்கிறவர்கள் காலில் எல்லாம் மாட்டுவான். நான் இரண்டு தடவை தூக்கி அறையில் விட்டேன். புது இடம், பழகிவிடும் என்று தைரியமாகச் சொன்னேன். அவள் அவன் எங்கே எங்கே உட்காருகிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லப் போவதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவர் என்ன செய்வார், தூக்கம்தான் போகும் என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் அதைச் சொல்லாததால்தானே இவ்வளவு மனத்தாங்கல். நேற்று அவளிடமே சொல்லிவிட்டேன், நான் எழுதத்தான் போகிறேன் என்று. "எழுதுங்க மாமா, ஆனா என்னைத் தூக்கி வெச்சு எழுதாதீங்க" என்றாள். முதல் பாதிக்குத்தான் நான் கட்டுப்பட்டேன். நாங்கள் வந்து எட்டாம் நாள், சனிக்கிழமை, பகல் மூன்று மணி இருக்கும். பொடியன் சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மெஷினைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, பின்பக்கம் துணி உலர்த்தப் போனாள். நான் ஹாலில் நாற்காலியில் கண் மூடியிருந்தேன். காற்றில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கழித்துப் பெரியவள் வந்து, "தாத்தா, தம்பி கதவைப் பூட்டிக்கிட்டான்" என்றாள். போய்த் தள்ளிப் பார்த்தேன். கீழ்த்தாழ்ப்பாள் விழுந்திருந்தது. எழுந்தவன் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, கைக்கு எட்டின இரும்பைப் பிடித்து இழுத்திருக்கிறான், அது வழுக்கிக்கொண்டு போய்க் குழியில் உட்கார்ந்துவிட்டது. குமிழை மேலே தூக்கிவிட்டுத்தான் பக்கத்தில் இழுக்க வேண்டும், அது நான்கு வயசுக்கு எப்படித் தெரியும். நல்ல கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து, நின்று, போட வைத்தவன் நான். என் கை வினை என் பேரன் மேல் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா, கதவைப் படபடவென்று தட்டி, தூக்குடா, மேலே தூக்குடா என்று கத்தினேன். உள்ளே விசும்பல் சத்தம். மெஷின் இல்லாதவனிடம் கத்துகிறோம் என்ற அறிவு எனக்கு அந்த நேரத்தில் இல்லை. ஈரக் கையோடு ஓடி வந்தவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "தட்டாதீங்க மாமா. அவனுக்குச் சத்தம் கேக்காது, கதவு அதிர்றதுதான் தெரியும். பயந்துருவான்" என்றாள். அப்படியே தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு அடியில் இருந்த இரண்டு விரல்கடை இடைவெளியில் கையை நுழைத்தாள். உள்ளே விரல்களை நண்டு மாதிரி நடக்கவிட்டாள். அவனோடு விளையாடுவாளே, அதே நண்டு. விசும்பல் நின்றது. நான் வெளியே ஓடி, முழங்காலை மறந்து வீட்டைச் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல கம்பி போட்ட ஜன்னல், அதுவும் என் ஏற்பாடுதான், ஈ எறும்பு நுழையாது. பிள்ளை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்து, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் இங்கிருந்து கையை ஆட்டினால் அவன் பார்க்கப் போவதில்லை. என் பெட்டியில் உளி இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, ஆனால் அவன் தலை கதவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது எதை உடைப்பது?

அப்போது கதவுக்கு அடியில் ஒரு தாள் உள்ளே வந்தது. அது பெரியவள் செய்த வேலை. நாங்கள் இரண்டு பேரும் தவித்துக்கொண்டிருந்தபோது அவள் தன் அறைக் கதவின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அங்கே இருந்த அதே மாதிரித் தாழ்ப்பாளைப் பார்த்து வரைந்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு படம். முதல் படத்தில் குமிழைப் பிடித்த ஒரு கை, மேலே பார்த்து ஒரு அம்புக்குறி. இரண்டாவதில் அதே கை, பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி. கடைசியில் வாயெல்லாம் பல்லாக ஒரு சின்னப் பையன். பொடியன் தாளை எடுத்துப் பார்த்தான், தாழ்ப்பாளைப் பார்த்தான், திரும்பத் தாளைப் பார்த்தான். ஒரு தடவை தூக்கி விட்டுவிட்டான். இரண்டாம் தடவை தூக்கினான், இழுக்க மறந்தான். மூன்றாம் தடவை தூக்கி, உடம்பையே சாய்த்து இழுத்தான். டக்கென்று விட்டது. நான் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் அழுதேன் என்று எனக்கே தெரியாது, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைத் திறந்தவன் தரையில் கிடக்கிற அம்மாவைப் பார்த்து, "அம்மா, தூக்கமா?" என்று கேட்டானாம். அவள் சிரித்து, அவனைத் தூக்கி, மெஷினை மாட்டிவிட்டு, இரண்டு பேருக்கும் பன் எடுத்துக் கொடுத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் என் திருப்புளியைக் கேட்டு வாங்கி, வீட்டில் இருந்த கீழ்த்தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தானே கழற்றினாள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, "மாமா, இதை உங்க பெட்டியில வெச்சுக்குங்க" என்று கொடுத்தாள். அவ்வளவுதான். பார்த்தீங்களா என்று ஒரு சொல், ஒரு முகச் சுளிப்பு? இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

அடுத்த நாள் ஞாயிறு, அதற்கடுத்த இரண்டு நாள் அவள் லீவு போட்டாள். கையில் ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, வீடு முழுக்க முழங்காலில் நடந்தாள். ஆமாம், முழங்காலில். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, பொடியன் உயரத்துக்குக் கண்ணை வைத்து, என்ன தெரிகிறது என்று பார்த்தாள். மேஜையின் மூலை எங்கே நெற்றிக்கு நேராக வருகிறது, எந்த ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறது, எந்த அலமாரியின் இழுப்பறையில் கால் வைத்து ஏறலாம், எல்லா இடத்திலும் சாக்கட்டியில் ஒரு குறி. பிறகு ஒவ்வொரு அறையிலும் கையைத் தட்டிப் பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை, என்னம்மா இது என்று கேட்டேன். காலி அறையில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பினால் மெஷின் போட்ட காதுக்குப் பேச்சு எல்லாம் குழம்பிப் போகுமாம், திரையும் விரிப்பும் புத்தகமும் இருக்கிற அறைதான் அவனுக்குத் தெளிவாகக் கேட்குமாம். நான் கட்டின வீட்டில் குரல் கணீரென்று எதிரொலித்தால் சுவர் நல்ல சுவர் என்று பெருமைப்படுகிறவன். என்னையும் தரையில் உட்காரச் சொன்னாள். பொடியன் அறையில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே சுவர், பக்கத்தில் சுவர், கதவுக்கு வெளியே நடையின் ஒரு துண்டு. ஆள் யாரும் தெரியவில்லை. "காதைக் கழட்டிட்டா அவனுக்குக் கண்ணுதான் மாமா எல்லாம்" என்றாள். "பழைய வீட்டுல ஒரே ரூம். முழிச்சுப் பார்த்தா அக்கா தெரிவா, நான் தெரிவேன். இங்க கண்ணைத் திறந்தா ஒருத்தரும் இல்ல. அதான் நடையில வந்து உக்காந்தான், அங்கதான் ரெண்டு பக்கமும் தெரியும்." இருநூறு வீடு கட்டியிருக்கிறேன் மகனே, ஒரு வீட்டையும் மூன்றடி உயரத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

முன்னறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் எனக்கே புரிந்தது. அங்கிருந்து ஹால் தெரிகிறது, சமையலறை வாசல் தெரிகிறது, எதிரே உங்கள் படுக்கையறைக் கதவு திறந்திருந்தால் கட்டிலின் கால்மாடுகூடத் தெரிகிறது. இருந்தாலும் நான் உன் கட்சிதான் பேசினேன். அது அவனுடைய அறை, படத்திலேயே எழுதியிருக்கிறான், வந்தால் அவன் எங்கே உட்காருவான் என்று சத்தம் போட்டேன். அவள் சாக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அவரு வந்தா பிள்ளைங்க இருக்கற ரூம்லதானே மாமா உக்காருவாரு" என்றாள். நான் அளவு நாடாவைத் தேடி எடுத்தேன்.

இனி வேலை. பொடியனை அக்காவோடு அந்த முன்னறையில் ஒன்றாகப் போடுவதற்குப் பெரியவள் சம்மதிக்க வேண்டும் இல்லையா. கிடைத்த தனி அறையை எட்டு நாளில் பறிகொடுப்பதென்றால் யாருக்கும் வயிறு எரியும். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். உன் மனைவி அவளை உட்கார வைத்து, நடந்தது எல்லாவற்றையும் சொல்லி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நீதிபதி ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அவன் என்னைப் பாக்கலாம். என் சாமானைப் பாக்கக் கூடாது." கேட்டாயா, ஏழு வயசு. அந்தத் தீர்ப்புப்படியே செய்தோம். அறைக்கு நடுவில் பொடியன் இடுப்பளவுக்கு ஒரு புத்தக அலமாரி, அதற்கு மேலே அக்கா தலை அவனுக்குத் தெரியும். அவள் பக்கம் மேஜை, பென்சில், வரைகிற தாள் எல்லாம் வைக்க ஒரு தட்டு, அதற்கு முன்னால் ஒரு திரை. அவள் இல்லாதபோது திரையை விலக்கக் கூடாது என்று பொடியனுக்கு உத்தரவு. அவனும் விலக்குவதில்லை, முகத்தை மட்டும் திரையில் ஒட்டி மோந்து பார்க்கிறான். கட்டில் இரண்டும் ஜன்னலை விட்டுத் தள்ளி. ஜன்னல் திரையின் கயிறு எல்லாம் வெட்டிக் குட்டையாக்கியாயிற்று. அலமாரிகளைச் சுவரோடு இரும்புத் தகடு வைத்து முடுக்கினது நான். முடுக்கிவிட்டு இழுப்பறை எல்லாவற்றையும் வெளியே இழுத்து, அதன் மேல் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சட்டை மாட்டுகிற கொக்கி அவர்கள் தோள் உயரத்தில். பொம்மையில் பாதிதான் வெளியே, மீதி பரண்மேல், வாரத்துக்கு ஒரு தடவை உன் மனைவி மாற்றிவைக்கிறாள், பழைய பொம்மை புதுசாகிவிடுகிறது. மெஷின் வைக்கிற டப்பா அவன் கட்டில் பக்கத்தில், அவன் கைக்கு எட்டுகிற மாதிரி. வாசலில் யாராவது மணியை அழுத்தினால் இந்த அறையில் ஒரு சின்ன விளக்கு மினுக்குகிற மாதிரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வைத்தாள். வேலையை முடித்துவிட்டு அவர், "மணி அடிக்கற வீட்டைப் பாத்திருக்கேன் அய்யா, கண்ணடிக்கற வீட்டை இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தார். பொடியனுக்கு அந்த விளக்குதான் இப்போது உயிர். அது மினுங்கினால் அவன்தான் முதல் ஆளாக வாசலுக்கு ஓடுகிறான், முன்பு யார் வந்ததென்றே தெரியாமல் கடைசியில் வந்து நிற்பவன்.

பலன் என்ன என்று கேட்பாய். அறை மாறின நான்காம் நாள் சாப்பிட்டு முடித்ததும் அவனே போய், மெஷின் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்து, மூடியைத் தட்டிக்கொடுத்து, "தூங்கு" என்று அதற்குச் சொல்லிவிட்டுப் படுத்தான். நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் கையைத் தட்டிப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்து பார்த்தார், உன் மனைவி செய்த அதே வரிசை. யார் சொல்லி இப்படி வைத்தீர்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, அவன் எங்கெங்கே உட்கார்ந்தான் என்று பார்த்தேன் என்றாள் இவள். டீச்சர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். வேறு வீட்டுப் பெற்றோருக்குக் காட்டப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். பெரியவள் குறுக்கே வந்து, திரையை இழுத்து மூடிவிட்டு, "இப்ப எடுத்துக்கோங்க" என்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அறை மாறியதைப் போனில் சொன்னபோது, "நான் இல்லாதப்ப என் ரூமையும் எடுத்துட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்தாயே, அந்தச் சொல் எனக்கு முள்ளாகத் தைத்தது. முதலில் இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு அறைக்காக இத்தனை கோபமா என்றுதான் நினைத்தேன். பிறகு உன் படத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். அந்த முன்னறையை மட்டும் மற்ற அறைகளைவிடக் கவனமாக வரைந்திருக்கிறாய், நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்றுகூடப் போட்டிருக்கிறாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊராருக்கெல்லாம் அறை அறையாகக் கட்டிக் கொடுத்தேன், நாம் குடியிருந்த வாடகை வீட்டில் உன் அக்காவுக்கு ஒரு மூலை கிடைத்தது, நீ பத்தாவது முடிக்கிற வரை சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நடையில்தான் பாய் விரித்தாய். உன்னைத் தாண்டித்தான் எல்லோரும் போனோம், நான் கால் தெரியாமல் மிதித்துக்கூட இருக்கிறேன். உனக்கு எங்கே படுக்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேனா? கேட்கவில்லை. அது கேட்கிற விஷயம் என்றே எனக்குத் தெரியாது. கதவு வைத்த ஒரு அறை உனக்கென்று வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை மகனே. தப்பு என்னுடையது, அதை உன் மனைவி மேல் இறக்கிவைக்காதே.

இதையும் அவளிடம் சொன்னேன். எனக்கு ஏற்கெனவே தெரியும் மாமா, அவர் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னால் நடைக்கோடி அறையைக் காட்டினாள். பொடியன் இருந்த அறை. சத்தம் இல்லாத, யாரும் தாண்டிப் போகாத அறை அந்த வீட்டிலேயே அது ஒன்றுதான். பிள்ளைக்கு எது கெடுதலோ அது உனக்கு நல்லது என்று சாக்கட்டியோடு நடந்த முதல் நாளே பார்த்துவைத்திருக்கிறாள். உன் மேஜையை ஜன்னலைப் பார்க்கப் போட்டிருக்கிறாள், நீ வரைந்த நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதே பக்கம். உன் புத்தகமெல்லாம் நீ அடுக்குகிற வரிசையில். சுவருக்கு மட்டும் வண்ணம் அடிக்கவில்லை. நான் அடித்துவிடட்டுமா, ஒரு நாள் வேலைதானே என்று கேட்டதற்கு, வேண்டாம் மாமா, அவர் அறைக்கு என்ன வண்ணம் என்று அவரே வந்து சொல்லட்டும் என்றாள். உனக்கு அறை இல்லை என்று கோபித்துக்கொண்டாயே, கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று உனக்காகக் காத்திருக்கிற சுவர் நான்கு இருக்கிறது.

அடுத்த வாரம் நான் உன் அக்கா வீட்டுக்குத் திரும்புகிறேன். அவள் வீட்டில் குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், என்றாலும் நான் போய் முழங்காலில் நடந்து பார்க்கப் போகிறேன், பைத்தியம் பிடித்துவிட்டது என்று உன் அக்கா சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தளத்தில் நின்றுவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. பல் வலி என்றாயே, கரையில் இறங்கின உடனே காட்டு, தள்ளிப்போட்டால் பல்தான் போகும். உன்னோடு வேலை செய்கிற அந்தச் சமையல்காரத் தம்பியைக் கேட்டதாகச் சொல். நீ எடுத்த வேலையும், வந்து சேர்ந்த குடும்பமும் ஒன்றுக்கொன்று துணையாக, நூறு வயசு குறையில்லாமல் நீ வாழ வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவளைக் கூப்பிடு. பிள்ளைகள் பிடுங்க வருவார்கள், அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் என்று சொல். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், நல்லா செஞ்சே என்று இரண்டு வார்த்தை போதும். உன் அம்மா முப்பத்தாறு வருஷம், நான் வேலை முடித்து வந்து கையலம்பி உட்காரும்போதெல்லாம், வீட்டில் அன்றைக்குத் தான் மாற்றிவைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது, அந்த இரண்டு வார்த்தையை இன்னும் நான் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கிற
அப்பா